திரையிசையை எந்த இசைவகையில் சேர்ப்பது? – கேள்வி பதில்

கேள்வி: என் கணினியிலுள்ள பட ஆல்பங்கள் அனைத்திலும் இசைவகை என்ற இடத்தில் ‘சவுண்ட்டிராக்’ என்றே இருக்கிறது. இது சரியா?

பதில்: தவறன்று, ஆனால் பயனில்லை. இசை எதற்காக உருவானது என்பதை அந்தச் சொல் சொல்கிறதே தவிர, எப்படி ஒலிக்கிறது என்பதைச் சொல்வதில்லை. 1957 டிசம்பரில் பாரிஸில், இயக்குநர் லூயி மாலின் படக் காட்சிகளைத் திரையில் பார்த்தபடியே டிரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸ் தம் குழுவினருடன் பெரும்பாலும் மனோதர்மமாக வாசித்துப் பதிவுசெய்தது ஜாஸ். 1982இல் வெளிவந்த ‘பிளேடு ரன்னர்’ படத்துக்கு வாங்கெலிஸ் அமைத்தது சின்தசைசர் என்ற மின்னணு வாத்தியத்தின் இசை. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால், இரவில் ஜாஸ் கேட்க விரும்பும்போது முதலாவது உங்கள் கண்ணிலேயே படாது.

இந்தக் குழப்பம் எம்பி3 கோப்புகளின் தொடக்கக் காலத்திலிருந்தே வருகிறது. பாடலின் பெயர், பாடகர், இசைவகை போன்ற விவரங்களைக் கோப்புக்குள்ளேயே வைக்கும் ஐடி3 டேக்கின் முதல் பதிப்பில் இசைவகைக்கு ஒரே ஒரு பைட்தான் உண்டு. 80 வகைகள் கொண்ட அதன் பட்டியலில் சவுண்ட்டிராக் 24ஆவது எண். 23 கேலிப் பதிவுகளுக்கு, 25 யூரோ டெக்னோவுக்கு என்றிருந்த வரிசையில் யாரும் ஆழ்ந்து யோசித்ததாகத் தெரியவில்லை. இசை வெளியீடுகளின் விவரங்களைத் திரட்டும் மியூசிக்பிரைன்ஸ் தளம் சவுண்ட்டிராக்கை இசைவகையாகக் கொள்ளாமல் வெளியீட்டின் துணைவகையாக வைத்திருக்கிறது. நானும் அப்படியே செய்கிறேன்: குரூப்பிங் என்ற இடத்தில் ‘திரையிசை’, இசைவகையில் ஜாஸ், எலெக்ட்ரானிக் என உள்ளபடி. மொத்தமாக மாற்றுவதற்கு முன் கோப்புகளை நகலெடுத்து வையுங்கள்.

கேள்வி: ஒரே படத்தின் ஆல்பம் என் பிளேயரில் பன்னிரண்டு ஆல்பங்களாகச் சிதறிக் கிடக்கிறது.

பதில்: இது இசைவகைச் சிக்கல் அன்று. ஆல்பம் ஆர்ட்டிஸ்ட் என்ற இடத்தில் எல்லாப் பாடல்களுக்கும் ஒரே பெயரை இடுங்கள்.

கேள்வி: வீடியோ கேம் இசை?

பதில்: அதே விதிதான். அந்தப் பழைய பட்டியலில் கேமுக்கும் 36 என்று தனி எண் உண்டு. அதையும் பயன்படுத்த வேண்டாம்.

கேள்வி: ஆர்க்கெஸ்ட்ரா வாசித்த பின்னணி இசையைச் செவ்வியல் என்று குறிக்கலாம்தானே?

பதில்: கூடாது என்பேன். வாத்தியத்தை வைத்து வகை பிரிப்பது சட்டையை வைத்து ஆளை எடைபோடுவது போன்றது. சிம்பொனியில் ஒரு கருப்பொருள் தன் போக்கில் வளர்கிறது. பின்னணி இசையின் நீளத்தைக் காட்சி தீர்மானிக்கிறது. கதவு சாத்தப்படும் நொடியில், நாற்பதாவது விநாடியானாலும், அது நின்றாக வேண்டும்.

அவரே மீண்டும்: அப்படியானால் ‘அலெக்சாண்டர் நெவ்ஸ்கி’ படத்துக்கு ரஷ்ய இசையமைப்பாளர் புரோகோஃபியெவ் எழுதியது செவ்வியல் இல்லையா?

பதில்: நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் என் பக்கம்தான் பேசுகிறது. 1938இல் வந்த அப்படத்தின் இசையை அவர் மறு ஆண்டே கான்டாட்டாவாக, அதாவது பாடகர்களும் ஆர்க்கெஸ்ட்ராவும் சேர்ந்து மேடையில் வழங்கும் படைப்பாக, திருத்தி எழுதினார். காட்சியின் அளவுக்கு வெட்டியது மேடையில் அப்படியே நிற்காது என்பது அவருக்கே தெரிந்திருந்தது. கான்டாட்டா செவ்வியல், படத்திலுள்ளது பின்னணி இசை.

அவரே மீண்டும்: 1968இல் இயக்குநர் குப்ரிக் தம் விண்வெளிப் படத்தில் இசையமைப்பாளர் லிகெட்டியின் இசையைப் பயன்படுத்தினாரே, அது படத்துக்காக எழுதப்பட்டதே அன்று. பிறகு, படத்தில் ஒலித்த இசையை ஒரு வரியும் மாற்றாமல் கச்சேரி மேடையில் வாசித்தால் அது எந்த வகை?

பதில்: லிகெட்டி செவ்வியல்தான், ஆல்பம் மட்டும் திரையிசை. இரண்டையும் தனித்தனி இடங்களில் குறிக்கச் சொன்னது இதற்காகவே. இரண்டாம் கேள்விக்கு என்னிடம் நேரான விடை இல்லை; மேடைப் பதிவை நான் செவ்வியலில்தான் வைத்திருக்கிறேன், எனவே நீளத்தைப் பற்றி மேலே சொன்ன வாதம் அங்கே ஆட்டம் காண்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

கேள்வி: எல்லாவற்றுக்கும் ‘சவுண்ட்டிராக்’ என்று போட்டால் போதாதா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: இசைவகையை மென்பொருளே தானாக நிரப்பிக்கொள்ள விடலாமா?

பதில்: விட்டால், நீங்கள் கையால் திருத்தியதையெல்லாம் அது மீண்டும் ‘சவுண்ட்டிராக்’ ஆக்கக்கூடும். நகலெடுத்து வையுங்கள் என்று மேலேயே சொன்னேன்.

கேள்வி: ஒரே பாடலுக்கு இரண்டு வகைகள் தரலாமா?

பதில்: ஐடி3 2.4 பதிப்பில் தரலாம். ஆனால் சில பிளேயர்கள் முதலாவதை மட்டுமே காட்டும். ஆகையால் நீங்கள் எந்தப் பெயரில் தேடுவீர்களோ அதை முதலில் எழுதுங்கள்.