கன்ட்ரோல் டெக்கில் கவுன்ட்டரைக் குறையுங்கள், லேண்டைக் கூட்டுங்கள்

கேள்வி: மேஜிக் த கேதரிங் என்ற கார்டு விளையாட்டில் நீலம்-வெள்ளை கன்ட்ரோல் டெக் (எதிராளியைத் தடுத்துத் தடுத்து, ஆட்டத்தை நீட்டி ஜெயிக்கும் கார்டுக் கட்டு) கட்டியிருக்கிறேன். 60 கார்டில் லேண்ட் (மற்ற கார்டுகளைப் போடத் தேவையான மனா என்ற சக்தியைத் தருவது) 20, கவுன்ட்டர் ஸ்பெல் (எதிராளி போடும் கார்டைத் தடுப்பது) 16. சின்னக் கிரியேச்சர்களை வைத்து வேகமாக அடிக்கும் டெக்கிடம் ஐந்தாவது டர்னிலேயே தோற்கிறேன். போட்டியில் ஜெயித்த டெக் என்று ஒருவர் முழுசாக விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். கோளாறு எங்கே என்று உங்கள் எண்ணிக்கையே சொல்கிறது.

கவுன்ட்டர், எதிராளி கார்டைப் போடும் நேரத்தில் மட்டுமே வேலை செய்யும். அவர் முதலில் ஆடி, முதல் டர்னிலேயே ஒரு மனா கிரியேச்சரை இறக்கிவிட்டால், அப்போது உங்களிடம் லேண்டே இறங்கியிருக்காது; கையிலுள்ள இரண்டு மனா கவுன்ட்டர்ஸ்பெல்லால் அதை ஒன்றும் செய்ய முடியாது. அது பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருக்கும். கவுன்ட்டரை எட்டாகக் குறையுங்கள். ஒன்று, இரண்டு மனாவில் கிரியேச்சரை அகற்றும் கார்டு எட்டு, மொத்தமாகத் துடைத்துப்போடும் ராத் ஆஃப் காட் மாதிரி நான்கு மனா கார்டு நான்கு சேருங்கள்.

அந்த நான்கு மனா நேரத்துக்கு வர லேண்ட் வேண்டும். இரண்டாவதாக ஆடினால் நான்காவது டர்னில் 11 கார்டு பார்த்திருப்பீர்கள். 20 லேண்டில் சராசரியாக நான்குகூடத் தேறாது. 26 வைத்தால் கிட்டத்தட்ட ஐந்து. இரண்டு நிறம் தரும் நல்ல லேண்டுகளை ரேர் கார்டாகவே அச்சடிப்பது பெரிய அநியாயம். டெக்கின் அஸ்திவாரத்துக்கே ஆட்டக்காரர் இவ்வளவு செலவழிக்க வேண்டுமா?

ஜெயிக்க வைக்கும் கார்டு இரண்டு மூன்று போதும். 2018-இல் வந்த டெஃபெரி, ஹீரோ ஆஃப் டொமினேரியா என்ற கார்டு இருந்தால் அதுவும் தேவையில்லை. அதன் லாயல்டி புள்ளிகளில் மூன்றைக் கழித்து டெஃபெரியையே உங்கள் லைப்ரரியில் (இன்னும் எடுக்காத கார்டுகளின் அடுக்கு) மேலிருந்து மூன்றாவதாக வைக்கலாம். திரும்பத் திரும்ப இப்படிச் செய்தால் உங்கள் லைப்ரரி தீராது. எதிராளியுடையது தீர்ந்து அவர் தோற்பார். ஆனால் ஆட்டம் முழுதும் உங்கள் பிடிக்குள் வந்த பிறகுதான் இது நடக்கும். நேரமும் ஏகமாகப் பிடிக்கும். 50 நிமிடச் சுற்றில் நிதானமாக ஆடுபவருக்கு டிராதான் மிஞ்சும். அதனால் உங்களை நான் இப்படி ஆடச் சொல்லமாட்டேன்.

இப்போது அந்த விற்பனையாளர். ஜெயித்த டெக் என்றால், அன்று எதிரே உட்கார்ந்தவர்களின் டெக்குகளை ஜெயித்தது என்று மட்டுமே அர்த்தம். எந்த ஃபார்மேட் (எந்தெந்தக் கார்டு செல்லும் என்ற போட்டி வகை), எந்த மாதம் என்று கேளுங்கள். அண்மைக் கார்டுகள் மட்டும் செல்லும் ஸ்டாண்டர்ட் ஃபார்மேட்டில் பழைய செட்டுகள் (ஒரே வெளியீட்டில் வந்த கார்டுகள்) வெளியேறும் சமயம் பார்த்து, செல்லாமல் போகவிருக்கும் கார்டுகளை இப்படி மொத்தமாகத் தள்ளிவிடுகிறார்கள். ஆட்டக்காரர் வாங்கி முடிப்பதற்குள் அடுத்த செட் வந்து நிற்கிறது. இந்த அவசரத்தை வைத்துத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள். போலிகளும் கலந்திருக்கும். கார்டின் பின்பக்கமுள்ள பச்சை வட்டத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். அசலில் நான்கு சிவப்புப் புள்ளிகள் எல் வடிவில் தெரியும். பார்க்க விடாதவரிடம் வாங்கவே வாங்காதீர்கள்.

முதலில் கார்டின் பெயரைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, கார்டு உறையான ஸ்லீவில் செருகி, நண்பரின் வேகமான டெக்கோடு பத்து ஆட்டம் ஆடுங்கள். தோற்கும்போதெல்லாம் கையில் என்ன மிஞ்சியது என்று குறித்துக்கொள்ளுங்கள். கவுன்ட்டரே மிஞ்சினால் இன்னும் இரண்டை எடுத்துவிடுங்கள்.