முடக்குவாதம் இருப்பவர் பல் இம்பிளான்ட் வைத்துக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 54. ஊர் பாலக்கோடு பக்கம். ஒன்பது வருடமாக முடக்குவாதம் (ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ்). வாரம் ஒருமுறை மெத்தோட்ரெக்சேட் 15 மி.கி., தினமும் பிரெட்னிசலோன் 5 மி.கி. எடுக்கிறேன். எலும்பு பலத்துக்காகப் போன வருடம் ஒரு டிரிப் ஏற்றினார்கள். கீழ்த்தாடையில் வலது கடைவாய்ப் பல் இரண்டு போய்விட்டது. வாத நோய்க்காரர்களுக்கு இம்பிளான்ட் நிற்காது என்கிறார்களே, உண்மையா?

பதில்: உண்மையில்லை. இம்பிளான்ட் என்பது பல் வேருக்குப் பதிலாகத் தாடைக்குள் வைக்கும் டைட்டானியம் திருகு. நோய் கட்டுக்குள் இருந்தால் அது உங்கள் தாடை எலும்போடும் சேரும். தொல்லை வருவதானால் பெரும்பாலும் பிறகுதான் வரும். திருகைச் சுற்றியுள்ள ஈறு புண்ணாகி, அடியில் எலும்பு கரையும். அதனால் நோயின் பெயரைவிட, நீங்கள் எடுக்கும் மருந்துகளும், அந்த இடத்தைத் தினமும் சுத்தம் செய்ய உங்கள் விரல்கள் ஒத்துழைக்குமா என்பதும்தான் முக்கியம்.

முதலில் அந்த டிரிப்பைப் பார்ப்போம். அநேகமாக அது சோலெட்ரானிக் ஆசிட் 5 மி.கி. எலும்பு கரையாமல் தடுக்கும் அந்த மருந்து, தாடை எலும்பு தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும் வேகத்தையும் மட்டுப்படுத்தும். அரிதாகச் சிலருக்குத் துளையிட்ட இடம் ஆறாமல் எலும்பு வெளியே தெரிய ஆரம்பிக்கும். எலும்புத் தேய்மானத்துக்கான அளவில் இந்த ஆபத்து குறைவு. ஆனால் நீங்கள் எடுக்கும் பிரெட்னிசலோன் போன்ற ஸ்டீராய்டும் சேர்ந்தால், வருடக்கணக்கில் எடுத்தால், அது கூடும். பழைய டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி, மருந்தின் பெயர், தேதி, எத்தனை முறை ஏற்றினார்கள் என்பதைப் பல் டாக்டரிடம் காட்டுங்கள். அது தோலுக்கடியில் போட்ட டெனோசுமாப் ஊசியாக இருந்தால் கணக்கு வேறு. கடைசி ஊசிக்குப் பிறகு 3–4 மாதத்தில் பல் வேலையை முடிப்பது வழக்கம். அடுத்த ஊசியை நீங்களாகத் தள்ளிப்போடாதீர்கள். அதை நிறுத்தினால் முதுகெலும்பு நொறுங்கக்கூடும்.

மெத்தோட்ரெக்சேட்டைப் பொதுவாக நிறுத்த வேண்டியதில்லை. இடுப்பு, முழங்கால் மூட்டு மாற்றும் பெரிய அறுவைக்கே அதைத் தொடரச் சொல்கிறது 2022ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல். பயந்து நிறுத்தினால் மூட்டுகள் வீங்கி, பிரஷ் பிடிக்கவே முடியாமல் போகும். பிரெட்னிசலோனை ஒருநாளும் சட்டென்று நிறுத்தக் கூடாது. பல் அறுவை அன்று காலையும் வழக்கமான அளவை எடுத்துக்கொண்டே போங்கள். இதைப் படிக்கும் வேறு யாராவது முடக்குவாதத்துக்கு அடலிமுமாப் போன்ற, நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் ஊசி போடுபவராகவோ, அதே வேலையைச் செய்யும் டோஃபாசிட்டினிப் மாத்திரை எடுப்பவராகவோ இருந்தால், மூட்டு டாக்டரிடம் கேட்டுத்தான் தேதி குறிக்க வேண்டும். ஊசியின் சுற்று முடிந்து அடுத்தது போட வேண்டிய சமயத்தில் அறுவையை வைப்பார்கள்.

அறுவைக்கு முன் ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின், உடலில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி., மூன்று மாதச் சர்க்கரை ஆகிய பரிசோதனைகள் வேண்டும். தாடையை முப்பரிமாணத்தில் காட்டும் சி.பி.சி.டி. ஸ்கேன் அவசியம், ஏனென்றால் கீழ்க் கடைவாயில் எலும்புக்குள் ஓடும் நரம்புக்கும் திருகின் முனைக்கும் நடுவே 2 மி.மீ. இடைவெளி வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தில் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்த ஊர்கள் இங்கே நிறைய. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன் பல வருடம் போர் தண்ணீர் குடித்தவர்களுக்கு ஃபுளோரைடாலேயே கழுத்தும் முதுகும் விறைத்திருக்கலாம். முடக்குவாதத்தைக் கண்டறிய உதவும் ஆன்டி சி.சி.பி. ரத்தப் பரிசோதனை செய்யாமலே வாதம் என்று மருந்து எடுப்பவர்கள் நோய் அதுதானா என்று முதலில் உறுதி செய்துகொள்வது நல்லது.

கழுத்தைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். நாள்பட்ட முடக்குவாதத்தில் மேல் கழுத்து எலும்புகளின் பிடிமானம் தளரலாம். கழுத்து வலியோ கை மரத்துப்போவதோ இருந்தால், நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்ப்பதற்கு முன் கழுத்து எக்ஸ்-ரே எடுத்தாக வேண்டும். காலை விறைப்பு விட்ட பிறகு, 11 மணி வாக்கில் நேரம் கேளுங்கள். வாய் மூன்று விரல் அகலம் திறக்கவில்லை என்றால் கடைவாயில் துளையிடும் கருவி நுழைவதே சிரமம். தாடை மூட்டு வலித்தால் ஒரே நாளில் இரண்டையும் வைக்க அவசரப்பட வேண்டாம்.

வேலைக்கு ஒரு மணி நேரம் முன் அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே வேளையாகத் தருவது வழக்கம்; பென்சிலின் ஒவ்வாமை இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். வலிக்கு முதலில் பாராசிட்டமால் போதும். மூட்டுவலிக்கு ஏற்கெனவே டைக்ளோஃபினாக் எடுத்தால் அதே வகையில் இன்னொரு மாத்திரையைச் சேர்க்காதீர்கள். கோ-ட்ரைமாக்சசோல் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் வேண்டவே வேண்டாம். மெத்தோட்ரெக்சேட்டுடன் சேர்ந்தால் அது ரத்த அணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும்.

தையல் பிரிக்க 7–10 நாள். அதுவரை ஆறிய கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும் உங்களுக்கு மிகப் பொருத்தம்; மெல்லாமலே விழுங்கலாம். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால், அதை விடாமல் இம்பிளான்ட்டுக்குச் செலவு செய்யாதீர்கள். கீழ்த்தாடையில் திருகு எலும்போடு சேரச் சுமார் 3 மாதம் ஆகும். ஸ்டீராய்டு எடுக்கும் உங்களுக்கு இன்னும் ஒன்றிரண்டு மாதம் காத்திருக்கச் சொன்னால் சம்மதியுங்கள். அன்றே பல் மாட்டித் தருகிறோம் என்ற விளம்பரம் உங்களுக்கு ஏற்றதல்ல. மேலே வரும் பல்லைச் சிமென்ட் வைத்து ஒட்டாமல் திருகி முடுக்கும் வகையாகக் கேளுங்கள். சிமென்ட் துணுக்கு ஈறுக்குள் தங்கினாலே புண் ஆரம்பித்துவிடும்.

பணம் கட்டுவதற்கு முன் வீட்டில் இரண்டு வாரம் ஒத்திகை பாருங்கள். சைக்கிள் கைப்பிடி ரப்பரை பிரஷ் காம்பில் மாட்டினால் வீங்கிய விரலுக்கும் பிடி கிடைக்கும். பல்லிடுக்கு பிரஷைக் கடைசிப் பல் வரை தினமும் விட முடிகிறதா? முடியவில்லை, உதவிக்கும் வீட்டில் ஆளில்லை என்றால் கழற்றி மாட்டும் பல் செட் போதும். ஆனால் அதன் கம்பிக் கொக்கி இறுக்கமாக இல்லாமல், உங்கள் விரலால் கழற்ற வருகிற மாதிரி செய்யச் சொல்லுங்கள்.

வைத்த பிறகு முதல் வருடம் 3–4 மாதத்துக்கு ஒருமுறை காட்டுங்கள். வருடம் ஒருமுறை எக்ஸ்-ரே. வலி இல்லாமலே எலும்பு கரையும் என்பதால், பிரஷ் பட்டதும் ரத்தம் கசிந்தாலோ, சீழ் வாடை வந்தாலோ, பல் லேசாக ஆடினாலோ அந்த வாரமே போய்விடுங்கள்.