திருமணப் படங்களை வாடிக்கையாளரிடம் காட்டக் கைபேசி போதுமா, டேப்லெட் வாங்க வேண்டுமா?

நீங்கள் அண்மையில்தான் தனியாகத் திருமண ஆர்டர்களை எடுக்கத் தொடங்கியிருக்கிறீர்கள் என்று எண்ணிக்கொண்டு எழுதுகிறேன். டேப்லெட் வாங்குங்கள். பழையதாக இருந்தாலும் பரவாயில்லை, திரை மட்டும் பத்து அங்குலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். நாம் எடுக்கும் படங்கள் பெரும்பாலும் 3:2 விகிதத்தில் இருப்பதால், நிமிர்த்திப் பிடித்த கைபேசியில் கிடைமட்டப் படம் ஏறத்தாழ 7 செ.மீ. அகலத்துக்குச் சுருங்கிவிடுகிறது. 11 அங்குல ஐபேடைக் கிடத்திப் பிடித்தால் அதே படம் 23 செ.மீ. அகலத்துக்கு விரிகிறது. மணமேடையில் இருபது பேர் நிற்கும் படத்தில் முகங்கள் அடையாளம் தெரிய அந்த அகலம் வேண்டும்.

இன்ஸ்டாகிராம் இணைப்பை அனுப்பினால் போதாதா என்று சிலர் கேட்பார்கள். அதைப் பார்த்துத்தான் மணமக்கள் நம்மை அழைக்கிறார்கள் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் மதுரைப் பக்கம் நான் பார்த்தவரை, யாருக்கு முன்பணம் கொடுப்பது என்பது வீட்டுக் கூடத்தில், பெரியவர்கள் நடுவில்தான் முடிவாகிறது.

திருமங்கலம் அருகே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். எனக்கு முன்பே வேறொரு ஸ்டுடியோவினர் வந்து, என்னைவிடக் குறைந்த தொகை சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். மணமகளின் தந்தையும் சித்தப்பாவும் டிரோன் உண்டா, ஆல்பம் எத்தனை பக்கம் என்றே கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரமாக உட்கார்ந்திருந்த அப்பத்தாவின் கையில் டேப்லெட்டைக் கொடுத்தேன். அதில் ஒரே ஒரு திருமணம், பந்தக்கால் நடுவது முதல் பெண்ணை அனுப்பிவைப்பது வரை, நடந்த வரிசையிலேயே இருந்தது. அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். தாலி கட்டும் படம் வந்ததும் நிறுத்தி, "பொண்ணப் பெத்தவ எங்கப்பா நிக்கிறா?" என்று கேட்டார். "அடுத்த படத்தத் தள்ளிப் பாருங்கம்மா" என்றேன். அடுத்த படத்தில் அந்தத் தாய் மணவறைக் கம்பத்தை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். எல்லோரும் அட்சதை தூவி முடித்திருக்க, அவருடைய மூடிய கையில் மட்டும் அரிசி அப்படியே இருந்தது. அப்பத்தா அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, "இந்தத் தம்பியவே வரச் சொல்லுப்பா" என்று மகனிடம் சொன்னார். அதன் பிறகும் தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேச்சு வந்தது என்பது உண்மைதான். ஆனால் படம் எடுக்கப் போவது யார் என்பது அதற்குள் முடிவாகிவிட்டது.

பத்துத் திருமணங்களிலிருந்து பொறுக்கிய பத்துத் தாலிகட்டுப் படங்களை அடுக்கி வைத்திருந்தால், அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இருந்திருக்காது. சிறந்த படங்களை மட்டும் காட்ட வேண்டும் என்று சொல்பவர்களுக்கும் அவர்களுடைய அனுபவம் இருக்கலாம். வீட்டுப் பெரியவர்களோ சடங்கு ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா, உறவினர்கள் எல்லோரும் படத்தில் இருக்கிறார்களா என்றே பார்க்கிறார்கள். ஆகவே ஒரு முழுத் திருமணத்தை எண்பது, நூறு படங்களில் வையுங்கள்.

படங்களைச் சாதனத்திலேயே சேமித்துக்கொள்ளுங்கள், இணையத்தை நம்பிப் போகாதீர்கள். ஐபேடானால், அறை வெளிச்சத்துக்கும் நேரத்துக்கும் ஏற்பத் திரையின் நிறத்தை மாற்றும் ட்ரூ டோன், நைட் ஷிப்ட் இரண்டையும், ஆண்ட்ராய்டானால் கண் பாதுகாப்பு முறையையும், நிறங்களைக் கூட்டிக் காட்டும் 'விவிட்' முறையையும் அணைத்துவிடுங்கள். இவை இருந்தால் அரக்குப் பட்டு ஒரு வீட்டில் பழுப்பாகவும் மற்றொரு வீட்டில் கண்ணைக் குத்தும் சிவப்பாகவும் தெரியும். பிறகு 12×36 அங்குல ஆல்பம் அச்சாகி வரும்போது, "அன்றைக்குக் காட்டிய நிறம் இதில்லையே" என்று அவர்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான். ஆல்பத்தின் கனத்துக்கு டேப்லெட் ஈடாகாது என்பவர்களோடு எனக்குச் சண்டையில்லை, நானும் ஓர் ஆல்பத்தை உடன் எடுத்துச் செல்கிறேன்.

எந்தப் படங்களை வைப்பது என்பதில் எனக்கு ஆறாத மனக்குறை ஒன்று உண்டு. நாள்கூலிக்குப் போய் நான் எடுத்துக் கொடுத்த படங்களை ஒரு ஸ்டுடியோ தன் படங்களாகக் காட்டி ஆர்டர் பிடிக்கிறது. எடுத்த நான் அவற்றைக் காட்டக் கூடாதாம். கூலிக்குப் போகும் முன்பே இதைப் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்த ஆர்டரில் எடுத்தவையும் தாமாகவே நமக்கு உரியவை ஆகிவிடுவதில்லை. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், பிரிவு 17இன்படி, ஒருவர் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் முதல் உரிமையாளர், மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே. எனவே முன்பண ரசீதிலேயே, இப்படங்களை மாதிரியாகக் காட்ட ஒப்புக்கொள்வதாக ஒரு வரி சேர்த்துக் கையொப்பம் வாங்கிவிடுங்கள். அப்படி ஒப்புக்கொண்ட திருமணம் இப்போதைக்கு ஒன்றே ஒன்று உங்களிடம் இருந்தாலும், அதை வைத்தே தொடங்கலாம்.