படுத்ததும் தூக்கம், எழுந்ததும் அசதி!

கேள்வி: மாலை 6 மணிக்கு ஒரு டம்ளர் ஃபில்டர் காபி குடிப்பேன். 10 மணிக்குப் படுத்ததும் தூங்கியும் விடுகிறேன். ஆனாலும் காலையில் அடித்துப் போட்ட மாதிரி இருக்கிறது. காபியா காரணம்?
- வாசகி, திருச்சி

பதில்: சந்தேகப்படலாம். விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற வேதிப்பொருள் சேரும். 'போதும், படு' என்று சொல்வது அதுதான். அது உட்கார வேண்டிய இடத்தில் காபியில் இருக்கும் கஃபைன் முந்திக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறது. புதுத் தெம்பு எதுவும் வருவதில்லை. களைப்பு தெரியாமல் போகிறது, அவ்வளவே. குடித்ததில் பாதி உடம்பைவிட்டுப் போகவே ஏறக்குறைய 5 மணி நேரமாகும். உங்கள் டம்ளரில் 80 மில்லிகிராம் கஃபைன் இருந்தால், 11 மணிக்கும் 40 மிச்சம். கண் மூடுவதற்கு அது தடையாக இல்லாவிட்டாலும் ஆழ்ந்த தூக்கத்தைக் குறைத்துவிடும். காலையில் அசதி, அதற்கு இன்னொரு காபி என்று வண்டி ஓடும்.

கடைசிக் காபியை மதியம் 2 மணிக்குள் முடித்து, இரண்டு வாரம் பாருங்கள். அப்படியும் அசதி போகவில்லை, குறட்டையும் உண்டு என்றால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

கேள்வி: காபியை ஒரேயடியாக நிறுத்தினேன். மறுநாள் மண்டையைப் பிளக்கும் வலி. தலைவலி மாத்திரை போட்டதும் பறந்துவிட்டது. எப்படித்தான் விடுவது?
- வாசகர், கும்பகோணம்

பதில்: அந்த மாத்திரை அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். சில தலைவலி மாத்திரைகளில் பாராசிட்டமாலோடு கஃபைனும் இருக்கும். காபியை விட்டுவிட்டு மாத்திரையில் குடித்திருப்பீர்கள்!

கஃபைன் மூளையின் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைக்கும். நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்தில் அவை விரிய, வலி தொடங்குகிறது. முதல் இரண்டு நாள்தான் கடுமை. பெரும்பாலும் 9 நாளுக்குள் அடங்கிவிடும்.

படிப்படியாகக் குறையுங்கள். தினம் 4 ஸ்பூன் பொடி போடுகிறீர்களா? நாலு நாள் 3 ஸ்பூன், அடுத்த நாலு நாள் 2, பிறகு 1. டிகாக்‌ஷனின் கறுப்பை நம்பாதீர்கள். நிறமும் திக்கும் சிக்கரி தருவது. அதில் கஃபைனே கிடையாது. காபிக் கொட்டையில் ரொபஸ்டா, அரபிகா என்று இரண்டு வகை. ரொபஸ்டாவில் கஃபைன் அரபிகாவைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. பொடிக் கடையில் 'பிளான்டேஷன் ஏ' கேட்டால் அரபிகா கிடைக்கும். கஃபைனில் பெரும்பகுதி முதல் டிகாக்‌ஷனிலேயே இறங்கிவிடும் என்பதால், மாலைக்கு இரண்டாவது டிகாக்‌ஷனே போதும்.

கேள்வி: மகளுக்கு ஐந்தாம் மாதம். காபி கொடுக்கலாமா?
- வாசகி, மதுரை

பதில்: காலையில் ஒரு சின்ன டம்ளர் கொடுக்கலாம். டீ, கோலா, சாக்லேட் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு கஃபைன் 200 மில்லிகிராம் தாண்டக் கூடாது. மாதம் ஏற ஏற கஃபைன் உடம்பில் தங்கும் நேரமும் நீளும். இரும்புச்சத்து மாத்திரையை மட்டும் காபியோடு விழுங்க விடாதீர்கள், சத்து சேராது. ஒரு மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.