கேள்வி பதில்: அலைக்கு ஒரு மரப்பலகை

கே: கோவளத்தில் சர்ஃபிங் கற்றுக்கொண்டு வருகிறேன். ஃபோம் போர்டு வாங்க மனமில்லை, மரத்தில் நானே ஒன்று செய்ய ஆசை. தச்சு வேலை தெரியாது. எங்கே தொடங்குவது?
(சென்னை வாசகர்)

ப: பெரிய போர்டை இப்போதைக்குத் தொடாதீர்கள். முதலில் ஒரு ஹேண்ட்பிளேன் செய்யுங்கள். போர்டே இல்லாமல் உடம்பாலேயே அலையில் சறுக்குகிறவர்கள் கையில் மாட்டிக்கொள்ளும் சின்னப் பலகை அது. கையை முன்னே நீட்டினால் பலகை தண்ணீர்மேல் ஏறி நெஞ்சைத் தூக்கிக் கொடுக்கும், தண்ணீர் உடம்பைப் பின்னுக்கு இழுப்பது குறையும், வேகம் கூடும். 14 அங்குல நீளம், 7 அங்குல அகலம், முக்கால் அங்குலக் கனம் போதும்.

மரத்துக்கு, சரக்கோடு வந்து கழித்துக்கட்டிய பைன் பேக்கிங் பலகையைப் பழைய மரக்கடையில் தேடுங்கள். வாங்குமுன் முத்திரையைப் பாருங்கள். ஹெச்டி (HT) என்றிருந்தால் சூடேற்றிப் பதப்படுத்தியது, தாராளமாக எடுக்கலாம். எம்பி (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, அதை இழைக்கவே வேண்டாம்.

காகிதத்தை இரண்டாக மடித்துப் பாதி வடிவம் வரைந்து வெட்டினால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல வரும். மூக்கு சற்றே மேலே ஏறட்டும், இல்லையென்றால் தண்ணீரில் குத்திக்கொள்ளும். அடியில் நடுப்பகுதியை மூன்று நான்கு மில்லிமீட்டர் குழிவாகச் சுரண்டுங்கள். 80-ஆம் எண் உப்புத்தாளில் தொடங்கி 220-ஆம் எண் வரை தேய்த்தபின் கண்ணை மூடிக்கொண்டு விரலை ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தப்பிய மேடெல்லாம் விரலில் தட்டும். கைப்பட்டைக்குப் பழைய சைக்கிள் டியூப், அதை இறுக்கப் பித்தளைத் திருகாணி.

கே: மரப்படகுக்குப் பூசும் முந்திரிக்கொட்டை எண்ணெயையே இதற்கும் பூசலாமா? இயற்கையானதுதானே?
(கடலூர் வாசகி)

ப: வேண்டாம். முந்திரி உடைக்கிற பெண்களின் விரல்களை உங்கள் பக்கத்தில் பார்த்திருப்பீர்கள், தோலைப் பொசுக்குவது அந்த எண்ணெய்தான். படகுக்குச் சரி, ஈரக்கையோடு ஒட்டிக்கிடக்கும் பலகைக்கு ஆகாது. ஆளிவிதை எண்ணெயை மெல்லியதாக மூன்று முறை பூசுங்கள், ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காய நாள் கொடுங்கள், அப்புறம் தேன்மெழுகு. மரத்தின் வெட்டுமுனைதான் தண்ணீரை அதிகம் குடிக்கும், அங்கே எண்ணெயை இழுக்கிற மட்டும் விடுங்கள். என் முதல் பலகையில் அந்த இடத்தைச் சரியாகக் கவனிக்காமல் விட்டதில் நுனியிலிருந்து விரிசல் ஓடிவிட்டது. முக்கியமாக ஒன்று: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அது தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீரில் முக்கி வையுங்கள்.

கே: ஃபோமை விட்டு மரத்துக்கு வந்தாலும் மேலே எபாக்ஸி என்கிற பிளாஸ்டிக் பிசின்தானே பூசுகிறார்கள்? இதில் சூழலுக்கு என்ன லாபம்?
(தூத்துக்குடி வாசகர்)

ப: என்னையும் ரொம்ப நாள் அரித்த கேள்வி இது. எபாக்ஸியே இல்லாமலும் போர்டு உண்டு. ஹவாய்த் தீவுக்காரர்கள் கோவா (koa), விலிவிலி என்கிற மரங்களில் பலகை செதுக்கி, குக்குய்க் கொட்டை எண்ணெய் தேய்த்து அலையேறினார்கள். அந்த விலிவிலி நம் கல்யாண முருங்கையின் இனம், தெரிந்துகொண்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர்களுடைய அலாயா என்ற மெல்லிய, அடியில் துடுப்பு (ஃபின்) இல்லாத பலகையை ஆஸ்திரேலியாவின் நூசாவில் போர்டு செய்கிற டாம் வெகனர் பாலோனியா மரத்தில் மறுபடி செய்து காட்டினார். பாலோனியா லேசான மரம், உப்புத்தண்ணீரை எளிதில் உறிஞ்சாது, எண்ணெய்ப் பூச்சே போதும். ஓட்டப் பழகுவது கடினம், அதை மறைக்கவில்லை.

2005 டிசம்பர் 5 அன்று கலிஃபோர்னியாவில் போர்டுக்கான ஃபோம் கட்டை செய்துவந்த கிளார்க் ஃபோம் நிறுவனம் திடீரென்று மூடியபோது அமெரிக்காவில் போர்டு செய்கிறவர்கள் பலர் அந்தக் கட்டைக்குத் திண்டாடிப் போனார்கள், வேறு பொருள் தேட அது ஒரு காரணமானது. இப்போது தாவரச் சத்து கலந்த எபாக்ஸியும் வருகிறது, ஆனால் ஒரு பங்குதான் தாவரம், மீதி பெட்ரோலியம். உள்ளே கூடான பெரிய போர்டுக்கு அது தேவைப்படும், அப்படிச் செய்தால் பத்து வருஷம் உழைக்கிற மாதிரி செய்யுங்கள். வெறும் மரத்தை இழைத்த தூளைச் செடிக்குப் போடலாம். எபாக்ஸி பூசியபின் தேய்க்கும் தூள் பிளாஸ்டிக், முகமூடி போட்டு, கீழே தார்ப்பாய் விரித்து, ஒரு சிட்டிகை விடாமல் கூட்டி அள்ளுங்கள், கடற்கரையில் வைத்துத் தேய்க்கவே தேய்க்காதீர்கள்.