நிலக்கரிப் புகையில் இருக்கும் கார்பனைப் பிடிக்க ஏன் இத்தனை பேர் கூடி ஆராய வேண்டும்?

கும்மிடிப்பூண்டியிலிருந்து சென்னைக்குப் போகும் ரயிலில், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டு நண்பர் கேட்டார்: "ஒரு வடிகட்டி மாட்டினால் போதாதா?"

போதாது. வடிகட்டி சாம்பலைத்தான் பிடிக்கும். நிலக்கரிப் புகையில் கார்பன் டை ஆக்சைடு நூற்றுக்கு 12 முதல் 15 பங்குதான்; மீதியில் பெரும்பகுதி நைட்ரஜன். புகையை அமீன் என்ற வேதிப்பொருளின் கரைசலுக்குள் செலுத்தினால் கார்பன் டை ஆக்சைடு மட்டும் அதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் கரைசலைச் சுமார் 120 டிகிரிக்குச் சூடாக்கினால் பிரிந்து வந்துவிடும். அந்தச் சூட்டுக்கு வேண்டிய நீராவியை மின் நிலையமே தர வேண்டும். அந்த அளவுக்கு மின்சாரம் குறையும். வில்லங்கமே இங்கேதான்.

ஆகவே, குறைந்த சூட்டில் வாயுவை விட்டுவிடும் கரைசலை வேதியியலாளர் தேடுகிறார். அதை நிஜப் புகையில் ஓட்டிப் பார்ப்பது கொதிகலன் பொறியாளர் வேலை. பிடித்ததை எங்கே புதைப்பது? அதை நிலவியலாளர்தான் சொல்ல வேண்டும். ஐஸ்லாந்தில் பசால்ட் என்ற எரிமலைப் பாறைக்குள் செலுத்திய வாயுவில் பெரும்பகுதி இரண்டே ஆண்டில் கல்லாகிவிட்டது. தக்காணத்திலும் பசால்ட் ஏராளம் (எங்கள் ஊருக்கு அடியில் இல்லை, அது வேறு விஷயம்).

புதைக்காமல் பயன்படுத்தவும் செய்யலாம். தூத்துக்குடியில் 2016-இலேயே ஓர் ஆலை, கொதிகலன் புகையில் பிடித்த வாயுவிலிருந்து சோடா சாம்பல் (சலவைச் சோடா) தயாரிக்க ஆரம்பித்துவிட்டது.