ரவுட்டர் லாகின் பேஜ் திறந்தா "யுவர் கனெக்ஷன் இஸ் நாட் பிரைவேட்"னு வருது, உள்ள போகலாமா?

போகலாம், ஆனா திறந்திருக்கறது உங்க ரவுட்டர்தானான்னு மட்டும் முதல்ல பாத்துக்கங்க. வைஃபை பாஸ்வேர்ட் மாத்தலாம்னு பிரவுசர்ல ரவுட்டரோட முகவரியா 192.168.1.1 அடிச்சீங்க, சிவப்பு முக்கோணத்தோட எச்சரிக்கை வருது, யாராவது ஹேக் பண்ணிட்டாங்களான்னு கேட்டிருக்கீங்க. பெரும்பாலும் அப்படி எதுவும் நடந்திருக்காது, பயப்படாதீங்க.

ஒரு பேங்க் சைட்டுக்கு போனா, அதோட சர்டிபிகேட்ல, அதாவது இது இன்ன சைட்தான்னு காட்டற டிஜிட்டல் அடையாளச் சான்றுல, உங்க பிரவுசர் ஏற்கனவே நம்புற ஒரு நிறுவனம் கையெழுத்து போட்டிருக்கும். 192.168.1.1க்கு அப்படி போட முடியாது, ஏன்னா வீட்டுக்குள்ள, ஆபீஸுக்குள்ள மட்டும் பயன்படுத்தணும்னு 1996லயே ஒதுக்கி வச்ச நம்பர் வரிசையில அதுவும் ஒண்ணு, என் வீட்லயும் அதேதான் உங்க வீட்லயும் அதேதான், இது இன்னாருக்கு சொந்தம்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. முன்னாடி சில நிறுவனங்கள் இந்த மாதிரி முகவரிக்கும் சர்டிபிகேட் குடுத்துட்டு இருந்தாங்க, அதையும் 2015, 2016 வாக்குல முழுசா நிறுத்திட்டாங்க. அதனால ரவுட்டரே தனக்குத்தானே கையெழுத்து போட்டுக்குது, பிரவுசர் அதைப் பாத்து "இது யாருன்னு எனக்குத் தெரியல"ங்குது. அவ்ளோதான் விஷயம்.

பிரவுசருக்கு தெரியலன்னா நம்மதான் சரிபாக்கணும். விபிஎன் இருந்தா ஆஃப் பண்ணுங்க, போன்லன்னா மொபைல் டேட்டாவையும் ஆஃப் பண்ணிடுங்க. விண்டோஸ்ல கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக்னு (ipconfig) அடிச்சா டிஃபால்ட் கேட்வேனு ஒரு நம்பர் வரும், அதுதான் நீங்க இணைஞ்சிருக்கற ரவுட்டரோட முகவரி, ஆண்ட்ராய்டுல வைஃபை செட்டிங்ஸ்ல அந்த நெட்வொர்க்கை தொட்டா கேட்வே தெரியும், மேல அட்ரஸ் பார்ல இருக்கறதும் அதுவும் ஒண்ணா இருக்கணும். நிறைய பேர் இங்கதான் சிக்கிக்கறாங்க, கேட்வே 192.168.0.1ஆ இருக்கும், இவங்க பழக்கத்துல 1.1 அடிச்சிட்டு இருப்பாங்க, வீட்ல ஃபைபர் பாக்ஸ் தனி வைஃபை ரவுட்டர் தனின்னு ரெண்டு இருந்தா வேற பாக்ஸோட பேஜ்கூட திறக்கும். லேன் கேபிள் இருந்தா லேப்டாப்பை நேரா ரவுட்டர்ல சொருகிட்டு பாக்கறது இன்னும் நல்லது, நடுவுல யாரும் வர வாய்ப்பு ரொம்பக் கம்மி. பெட்டி அடியில அச்சடிச்ச வெப் அட்ரஸை விட இந்த நம்பரை அடிக்கறதுதான் என் சாய்ஸ், டிபி லிங்க் ரவுட்டர்ல அப்படி அச்சடிச்சிருந்த ஒரு டொமைன் 2016ல ரினியூ ஆகாம வேற யார் கைக்கோ போயிடுச்சு.

அடுத்து, எச்சரிக்கைக்கு கீழ சின்னதா ஒரு எரர் கோடு இருக்கும், எல்லாரும் விட்டுடற அந்த வரிதான் முக்கியம். அத்தாரிட்டி இன்வேலிட்னு இருந்தா மேல சொன்ன கதைதான், அட்வான்ஸ்டு அழுத்தி புரொசீட் குடுங்க. டேட் இன்வேலிட்னு இருந்தா முதல்ல உங்க லேப்டாப்போட தேதி, நேரம் பாருங்க, எல்லா சைட்டுக்குமே இப்படி வந்தா தப்பு அங்கதான். லேப்டாப் சரியா இருந்தா ரவுட்டர் பக்கம் பாக்கணும், நிறைய ரவுட்டர்ல கடிகாரத்துக்கு பேட்டரி கிடையாது, கரண்ட் போய் வந்ததும் 1970ல முழிச்சுக்கும், இன்டர்நெட்ல நேரம் வாங்கற வரைக்கும் அப்படியேதான் இருக்கும், அந்த நேரத்துல சர்டிபிகேட் உருவாச்சுன்னா அதுலயும் தப்பான தேதிதான் ஏறும்.

வெர்ஷன் ஆர் சைஃபர் மிஸ்மேட்ச்னு வந்தா புரொசீட் பட்டனே இருக்காது. ரவுட்டர் பழசு, டிஎல்எஸ் 1.0ங்கற பழைய பாதுகாப்பு முறையில மட்டும்தான் பேசும், அதை பிரவுசர்கள் 2020ல இருந்து ஓரங்கட்டிட்டாங்க. முன்னாடி ஹெச்டிடிபிஎஸ்க்கு பதிலா வெறும் ஹெச்டிடிபி போட்டு அடிச்சு பாருங்க, இல்ல கம்பெனியோட மொபைல் ஆப் வழியா போங்க, உள்ள போனதும் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள்ள ஓடற சாஃப்ட்வேர்) அப்டேட் இருந்தா போட்டுடுங்க. அப்டேட்டே வர்றதில்லன்னா அந்த ரவுட்டரை மாத்திடறதுதான் நல்லது.

ஃபயர்ஃபாக்ஸ்ல ரீயூஸ்டு இஷ்யூயர் அண்ட் சீரியல்னு ஒண்ணு வரும், ரவுட்டரை ரீசெட் பண்ணதுக்கப்புறம் பழைய சீரியல் நம்பர்லயே புது சர்டிபிகேட் உருவாகிறதால வர்றது. செட்டிங்ஸ்ல வியூ சர்டிபிகேட்ஸ் போய் ரவுட்டரோட பழைய என்ட்ரியை அழிங்க, அவசரம்னா வேற பிரவுசர்ல திறங்க. அட்ரஸ் பார்ல வெறும் "நாட் செக்யூர்"னு மட்டும் இருந்தா அது எரரே இல்ல, 2018ல இருந்து குரோம் எல்லா ஹெச்டிடிபி பேஜுக்கும் அப்படித்தான் போடுது.

குரோம்ல எச்சரிக்கை பேஜ் மேலயே ஒரு ரகசிய வார்த்தை டைப் பண்ணா தாண்டிடலாம்னு சொல்வாங்க, வேலை செய்யும்தான். ஆனா வீட்ல பெரியவங்களுக்கு தயவுசெஞ்சு அதை சொல்லித் தராதீங்க, நாளைக்கு ரயில்வே ஸ்டேஷன் வைஃபைல பேங்க் சைட்டுக்கு இதே எச்சரிக்கை வரும்போது அதே கை அதையேதான் அடிக்கும், அங்க வந்தா நிஜமாவே ஆபத்து, உடனே வெளிய வந்துடணும்.

உள்ள போனதும் வைஃபை பாஸ்வேர்டோட நிறுத்தாதீங்க. அட்மின் பாஸ்வேர்ட் இன்னும் அட்மின்னே இருந்தா மாத்துங்க, ரிமோட் மேனேஜ்மென்ட் ஆன்ல இருந்தா ஆஃப் பண்ணுங்க, அது ஆன்ல இருந்தா இந்த லாகின் பேஜ் வெளியில இருக்கறவங்களுக்கும் திறக்கும்.